வார இறுதிப் பள்ளியும் பெற்றோர் துணையும்: சிட்னி, மெல்பேர்ண் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில் ஓர் இடைவெளி

1. முன்னுரை

1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. அதற்கு முந்திய மாதத்தில்தான் அவுஸ்திரேலிய அரசு, ஐரோப்பியரல்லாதார் குடிவருவதற்கு 1901 முதல் விதித்திருந்த தடையை முதன்முறையாகக் குறிப்பிடத்தக்க அளவில் தளர்த்தியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும், புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றை எழுதுவோர்க்கு இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை வசதியானதோர் எல்லைக்கல்லாக அமைகிறது. அக்காலத்தில் கடல் கடந்த தமிழர் என்றதும் மலாயா, பர்மா, தென்னாபிரிக்கா, மொரிசியசு, பிஜி ஆகிய நாடுகளே முதலில் நினைவுக்கு வந்தன. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,404 பேர். இவர்களுட் பெரும்பாலோர் சிட்னியையும் மெல்பேர்ணையும் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய இரு மாநிலங்களில் வாழ்கின்றனர்.

இச்சமூகத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கோயில், சங்கம், மொழிக் கல்வி, அரசியல் ஆகிய நான்கு வாயில்கள் வழியாகவே நுழைகின்றன. குழந்தை பெற்று வளர்க்கும் ஒரு குடும்பம், உறவினர் எவருமில்லாத புறநகர் ஒன்றில் யாரைத் துணையாகக் கண்டது என்ற கேள்வி தனியே எழுப்பப்படுவது அரிது. இக்கட்டுரை அக்கேள்வியை முன்வைக்கிறது. தமிழ் மொழியைக் கற்பிப்பதற்கென்று தோன்றிய வார இறுதித் தமிழ்ப் பள்ளியே இவ்விரு நகரங்களிலும் தமிழர்க்கு உண்மையான பெற்றோர் துணையமைப்பாகச் செயற்பட்டது என்பதும், அப்பள்ளி தொடங்கும் வயதுக்கு முற்பட்ட ஆண்டுகளில், குறிப்பாகக் குழந்தை பிறந்தது முதல் நான்கு வயது வரையிலான காலத்தில், ஓர் இடைவெளி நிலைத்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. சட்டங்கள், அரசு அறிக்கைகள், குடிமதிப்பு, நிறுவனங்களின் வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு இக்கருத்து நிறுவப்படுகிறது.

2. பேறுகாலத் துணையும் புலம்பெயர்வின் அலகும்

தமிழர் வழக்கில் முதற் பேறு தாய்வீட்டுக்குரியது. தமிழ்நாட்டில் வளைகாப்புக்குப் பின் பெண்ணைப் பிறந்தகத்துக்கு அழைத்துச் செல்வதும், பிரசவ லேகியமும் பத்தியமும் கொடுத்துப் பேணுவதும் இன்றும் வழக்கிலுள்ளன. யாழ்ப்பாணத்தில் பத்தியக் கறியும் சரக்கும் அம்மம்மாவின் கைப்பக்குவத்துக்கு உரியவை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பின்னரே தாயும் சேயும் வெளியிற் புழங்கினர். சடங்கு என்ற பெயரில் அமைந்த இவ்வொழுங்கின் உட்பொருள் எளியது. பிள்ளை பெற்ற பெண் ஒரு மாத காலம் சமைக்க வேண்டியதில்லை. இரவில் அழும் குழந்தையைத் தூக்க இன்னொருவர் உண்டு. பால் சுரக்காவிடில் என் செய்வது என்பதைக் கேட்டறிய ஆள் உண்டு. பெற்றோர் துணைக்குழு என்று இன்று அழைக்கப்படுவது செய்யும் பணிகள் யாவும் அவ்வீட்டினுள்ளேயே நிகழ்ந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புலம்பெயர்வு இத்துணையை முற்றாக அறுத்துவிடவில்லை. இலங்கையின் மலைநாட்டுக்கும் மலாயாவுக்கும் தொழிலாளரைச் சேர்த்துச் சென்ற கங்காணி முறை, சுரண்டல் மிகுந்ததாயினும், ஒரே ஊரினரையும் உறவினரையும் கூட்டமாகக் கொண்டுசென்றது. தோட்டத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் சென்றபோது, மலையகத்துப் பிள்ளை மடுவத்திலும் மலாயாவின் ஆயாக் கொட்டகையிலும் முதிய பெண்ணொருத்தி குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். அம்மடுவங்கள் தோட்ட நிருவாகத்தின் தேவைக்காகவே ஏற்பட்டவை. அவற்றின் நிலையும் பெருமைப்படத்தக்கதாய் இருக்கவில்லை. ஆயினும், குழந்தை பேணல் ஒரு பொதுக் கருமம் என்ற ஏற்பு அங்கிருந்தது. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரையான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திற் பள்ளி அமைக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதித்தது.

அவுஸ்திரேலியப் புலம்பெயர்வின் அலகு வேறு. 1979இல் குடிவரவுத் தெரிவுக்குப் புள்ளி முறை அறிமுகமானது. வயது, கல்வி, தொழில், ஆங்கில அறிவு ஆகியன எண்ணிக் கணிக்கப்பட்டன. புள்ளிகள் தனி ஒருவருக்குக் கிடைத்தன; அவரோடு துணைவரும் பிள்ளைகளும் வரலாம். தெரிவு செய்யப்பட்டோர் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். பிள்ளை பேணிய அனுபவமுடைய மூத்தோர் அத்தெரிவின் எல்லைக்கு வெளியே நின்றனர். கங்காணி ஓர் ஊரையே பெயர்த்துச் சென்றான் என்றால், புள்ளி முறை இருவரைத் தெரிந்தெடுத்துச் சென்றது. பெற்றோர் துணை என்பது தேடிப் பெறவேண்டிய ஒன்றாக மாறியதற்கு இவ்வமைப்பு மாற்றமே முதற் காரணம்.

3. அரசு வகுத்த பெற்றோர் வட்டம்

தாய்க்கும் சேய்க்கும் பொதுத்துணை அளிப்பதில் அவுஸ்திரேலியா முன்னோடி நாடுகளுள் ஒன்று. 1912இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மகப்பேற்று உதவித்தொகைச் சட்டம், குழந்தை பெறும் ஒவ்வொரு தாய்க்கும் ஐந்து பவுண் வழங்கியது. ஆனால், ஆசியப் பெண்களும் ஆதிக்குடிப் பெண்களும் அச்சட்டத்தின் பயனிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டனர். தாய்மைக்கான அரசுத் துணை, தோன்றும்போதே நிற எல்லையோடு தோன்றியது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1917இல் மெல்பேர்ணின் றிச்மண்ட் பகுதியில் விக்டோரியாவின் முதற் குழந்தைநல நிலையம் திறக்கப்பட்டது. சிட்னியில் 1918இல் உருவான தாய் சேய் நலச் சங்கம் திரெசிலியன் என்ற பெயரிலும், 1923இல் உருவான மற்றொரு சங்கம் கரிட்டானே என்ற பெயரிலும் இன்றும் இயங்குகின்றன. சிசு மரணத்தைக் குறைப்பதே இவற்றின் தொடக்க நோக்கம். 1964இல் மெல்பேர்ணில் மேரி பேற்றன் என்பவர் தாய்ப்பாலூட்டும் தாய்மார்க்கான சங்கத்தை நிறுவினார்; தாதியோ மருத்துவரோ அறிவுரை கூறும் முறையிலிருந்து விலகி, அனுபவமுள்ள ஒரு தாய் இன்னொரு தாய்க்கு உதவும் முறையை அச்சங்கம் பரப்பியது. 1970களில் பிளேகுரூப் எனப்படும் விளையாட்டுக் குழுக்கள் மாநிலந்தோறும் பரவின. பள்ளி செல்லாத சிறாரைப் பெற்றோரே வாரமொருமுறை கூட்டி விளையாட வைப்பது இவற்றின் வழக்கம்.

இன்று விக்டோரியாவில் குழந்தை பிறந்தது முதல் மூன்றரை வயதுவரை, தாய் சேய் நலத் தாதியுடன் பத்துச் சந்திப்புகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. முதற் குழந்தை பெற்றோரை அப்பகுதியிலேயே அதே காலத்திற் பிள்ளை பெற்ற வேறு சிலரோடு சேர்த்து, சில வாரங்கள் கூட்டி, பின்னர் தாமாகவே சந்தித்துக்கொள்ள விடுவதும் இச்சேவையின் பகுதியாகும். நியூ சவுத் வேல்ஸில் மாநிலச் சுகாதாரத் துறையின் குழந்தை குடும்ப நலச் சேவை இத்தகைய குழுக்களை அமைக்கிறது. ஒருவருடைய முகவரியும் குழந்தையின் வயதுமே இவ்வட்டத்தில் அவரைச் சேர்க்கின்றன. மொழியோ ஊரோ உறவோ கணக்கிலெடுக்கப்படுவதில்லை.

தமிழ்த் தாய்மார்க்கு இவ்வட்டம் மூடப்பட்டிருக்கவில்லை. 1973இல் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடங்கிய தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. ஆனால், தாதியோடு பேச மொழிபெயர்ப்பாளர் கிடைக்கலாம். பத்துத் தாய்மார் ஒருங்கே சிரித்துப் பேசும் அறையில் அச்சேவையாற் பயன் சிறிது. தடை மொழியால் மட்டும் நேர்ந்ததுமன்று. விக்டோரியச் சேவையின் சந்திப்புகளுள் இரண்டு, குழந்தையின் இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் அமைகின்றன. முப்பத்தொரு நாள் வெளியிறங்காத வழக்கமுடைய வீட்டில் இவ்விரண்டும் துடக்குக் காலத்தினுள் விழுகின்றன. குழந்தையைத் தனித் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்று தாதி கூறுகிறார். தாயின் அருகிற் கிடத்துவதே ஊர் வழக்கம். ஒரு வயதில் பிள்ளை தானே அள்ளி உண்ணட்டும் என்பது நிலையத்தின் அறிவுரை. நான்கைந்து வயதுவரை ஊட்டிவிடுவதை அன்பின் கடமையாகக் கொள்வது தமிழ் வீடு. உறக்கம் பற்றிய அறிவுரை குழந்தையின் உயிர்காக்கும் ஆய்வின் அடிப்படையில் எழுந்தது. அதை ஏற்பதே முறை. ஊட்டுவது பற்றிய வேறுபாடோ பழக்கம் பற்றியது. எது உயிருக்குரியது, எது வழக்குக்குரியது என்று பிரித்துச் சொல்லத்தக்க, இரு உலகையும் அறிந்த ஒருவரே அத்தாய்க்கு அப்போது தேவைப்பட்டார். அத்தகையோரை அரசின் வட்டம் எப்போதும் தரவில்லை.

4. வருகையின் அலைகள்

தமிழர் வருகையை நான்கு அலைகளாகக் கொள்ளலாம். 1966 முதல் 1970களின் இறுதிவரை வந்தோர் சிலரே. மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், பல்கலைக்கழக ஆசிரியர் ஆகியோர் இவர்களுட் பெரும்பகுதியினர். 1968இல் மெல்பேர்ணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், இத்தலைமுறையின் முகமாகத் திகழ்ந்து, தமிழர் சங்கப் பணிகளுக்கும் தலைமை தாங்கினார். 1973இல் விற்லம் அரசு நிற அடிப்படையிலான தெரிவை முற்றாக நீக்கியது. 1970களின் பிற்பகுதியில் இரு நகரங்களிலும் இலங்கைத் தமிழர் சங்கங்கள் தோன்றின.

இரண்டாம் அலை, 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் வந்தது. உறவினரின் ஆதரவிலும் மனிதாபிமானத் திட்டங்களிலும் வந்த இக்குடும்பங்கள் சிட்னியின் ஹோம்புஷ், வென்ற்வேர்த்வில், ரூங்காபி, பெண்டில் ஹில் பகுதிகளிலும், மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர்களிலும் செறிந்தன. சித்திரவதையும் போரதிர்ச்சியும் கண்டோர்க்கு உதவும் நிறுவனங்கள் மெல்பேர்ணில் 1987இலும் சிட்னியில் 1988இலும் தோன்றியமை, இக்காலத்தில் வந்த பல நாட்டு அகதிக் குடும்பங்களின் தேவையை அரசு உணர்ந்ததற்குச் சான்று.

மூன்றாம் அலை, 1996இல் அறிமுகமான தற்காலிகத் தொழில் விசாவோடும், தகவல் தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியோடும் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. வீட்டில் தமிழ் பேசுவோர் 2011இல் 50,151 பேராகவும், 2016இல் 73,161 பேராகவும், 2021இல் 95,404 பேராகவும் உயர்ந்ததற்கு இவ்வலை ஒரு முதன்மைக் காரணம். பத்தாண்டில் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. நான்காம் அலை, 2009இல் இலங்கைப் போர் முடிந்த பின் படகேறி வந்தோருடையது. இவர்களுட் பலர் ஆண்டுக்கணக்காகத் தற்காலிக விசாவிலேயே வாழ்ந்தனர். தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோர் நிரந்தர வதிவுரிமை பெறும் வழி 2023இல்தான் திறந்தது. கோரிக்கை மறுக்கப்பட்டோர்க்கு அவ்வழி திறக்கவில்லை.

இந்நான்கு அலையினர்க்கும் பொதுவானது ஒன்று உண்டு: நகருக்கு வந்த முதல் ஆண்டுகளில் அவர்கள் பெரும்பாலும் இளம் பெற்றோராய் இருந்தனர் அல்லது விரைவில் பெற்றோராகினர்.

5. தமிழ்ப் பள்ளி செய்த வேறு பணி

சிட்னியில் பாலர் மலர் தமிழ்ப் பள்ளி 1977இல் தொடங்கியது. நிரந்தரக் கோயிலோ முழுநேரத் தமிழ் ஊடகமோ இல்லாத காலம் அது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பேர்க்கில் வெங்கடேசுவரர் கோயில் குடமுழுக்குக் கண்டது 1985இல். மெல்பேர்ணின் கரம் டவுன்ஸ் சிவ விஷ்ணு ஆலயம் 1994இல். சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயில் 1999இல். சங்கங்களுக்குச் சமகாலத்திலும் கோயில்களுக்கு முன்னரும் தமிழ்ப் பள்ளி தோன்றியமை, இளம் பெற்றோரே இச்சமூகத்தின் முதல் அமைப்பாளராய் இருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

1978இல் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட கல்பாலி அறிக்கை, குடிவந்தோர்க்கான சேவைகளை அவர்களோடு கலந்தே வகுக்க வேண்டும் என்றும், அவர்கள் தமக்குத் தாமே உதவிக்கொள்வதை ஊக்குவிக்க வேண்டும் என்றும் கூறியது. தம் பண்பாட்டைப் பேணும் உரிமையையும் அது ஏற்றது. இதன் வழியில் 1981இல் நடுவண் அரசு இனக்குழுப் பள்ளிகளுக்கு நிதியுதவி வழங்கத் தொடங்கியது. சமூக மொழிப் பள்ளிகள் எனப் பிற்காலத்தில் அழைக்கப்பட்ட இவை, பெரும்பாலும் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில் இயங்கின. சிட்னியின் மேற்குப் புறநகர்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழ்க் கல்வி நிலையங்கள் எழுந்தன. மெல்பேர்ணில் நாடக ஆசிரியர் மாவை நித்தியானந்தன் முன்னின்று 1994இல் தொடங்கிய பாரதி பள்ளி, சிறுவர் அரங்கைக் கற்பித்தலின் கருவியாக்கியது. உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வுகளில், நியூ சவுத் வேல்ஸின் எச்.எஸ்.சி.யிலும் விக்டோரியாவின் வி.சி.ஈ.யிலும், தமிழ் ஒரு பாடமாக இடம்பெற்றமை இப்பள்ளிகளின் உழைப்புக்குக் கிடைத்த ஏற்பு.

இவ்வளவும் மொழிக் கல்வியின் வரலாறு. அதே காலத்தில் வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்தது வேறொன்று. இரண்டு மூன்று மணி நேர வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், தொலைவின் காரணமாக வீடு திரும்பாமல் அங்கேயே காத்திருந்தனர். தேநீரும் சிற்றுண்டியும் முறைவைத்துக் கொண்டுவரப்பட்டன. எந்த மருத்துவர் தமிழ் பேசுவார், எந்த ஆரம்பப் பள்ளியின் எல்லைக்குள் வீடு பார்க்கலாம், தெரிவுப் பள்ளித் தேர்வுக்கு எந்த வயதில் ஆயத்தம் வேண்டும், வேலை நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், இரண்டாங்கை மோட்டார் வண்டியை யாரிடம் வாங்கலாம் என்பன போன்றவை அங்கே பேசப்பட்டன. பேசாத பிள்ளையைப் பற்றிய கவலையும், பதின்ம வயது மகளோடு ஏற்பட்ட பிணக்கும், அயலவரிடம் சொல்ல முடியாத பணநெருக்கடியும் சில ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் அங்கேயே வெளிவந்தன. ஒருவர் நோயுற்றால் மற்றவர் அவர் பிள்ளையையும் ஏற்றி வந்தார். முறைப்படி எவரும் இதனைப் பெற்றோர் துணைக்குழு என்று பெயரிடவில்லை.

பெயரிடப்படாமையே இதன் வலிமையாகவும் அமைந்தது எனலாம். உதவி நாடி வருகிறேன் என்று சொல்வது மானக்குறைவு என்று கருதிய பெற்றோர்க்கு, பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்க வருகிறேன் என்பது பெருமையாயிருந்தது. ஆசிரியர்களும் நிருவாகிகளும் பெரும்பாலும் தொண்டர்களாகிய பெற்றோரே ஆகையால், உதவி பெறுவோர் உதவி செய்வோர் என்ற பிரிவும் தோன்றவில்லை. இவ்வாண்டு புதிதாக வந்து நின்றவர், மூன்றாண்டு கழித்துச் செயற்குழுவில் இருந்தார். கல்பாலி அறிக்கை கருதிய தன்னுதவி, அது எதிர்பாராத இடத்தில், மொழிக் கல்வியின் நிழலில் நிறைவேறியது.

குறைகளும் உண்டு. இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் பல இடங்களில் தனித்தனி வட்டங்களாகவே நின்றனர். பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் உறவை நெருக்கின; அவ்வூரைச் சேராதாரை அதே அளவுக்குத் தள்ளியும் வைத்தன. தேர்வு வெற்றியே பேச்சின் மையமானபோது, கற்றற் குறைபாடோ மனவளர்ச்சி வேறுபாடோ உள்ள பிள்ளையின் பெற்றோர் மெல்ல ஒதுங்கினர். கணவனைப் பிரிந்த பெண்ணுக்கும் அவ்வட்டம் எப்போதும் இதமாயிருக்கவில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில் ஆறுதல் கிடைப்பது எளிது. மறைவு காப்பது கடினம்.

6. பாட்டி வரும் வழி

பள்ளி வயதுக்கு முன்னைய காலத்துக்கு இச்சமூகம் கண்ட விடை பாட்டியே. பேற்றுக்கு இரு வாரம் முன்னதாக அம்மா ஊரிலிருந்து வந்திறங்குவதும், சில மாதங்கள் நின்று திரும்புவதும், சில வீடுகளில் அவரைத் தொடர்ந்து கணவனின் தாய் வருவதும் வழக்கமாயின. குளிர்காலத்து மெல்பேர்ண் வீட்டில் பத்தியக் கறி சமைத்தவரும், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தவரும் அவர்தாம். வருகையாளர் விசாவின் கால எல்லை இவ்வொழுங்கின் எல்லையாயிற்று.

பாட்டி நிலையாகத் தங்க வேண்டுமாயின் சட்டம் வேறு கேள்வி கேட்டது. 1980களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த குடும்பச் சமநிலைச் சோதனையின்படி, பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளுள் குறைந்தது பாதிப்பேரேனும் அவுஸ்திரேலியாவில் நிலையாக வாழ வேண்டும். அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் வாழ்வோரிலும் அதிகமானோர் இங்கிருக்க வேண்டும். ஒரு மகன் ரொறன்ரோவிலும், ஒரு மகன் இலண்டனிலும், மற்றொருவர் கொழும்பிலும், மகள் சிட்னியிலுமாகச் சிதறிய யாழ்ப்பாணக் குடும்பம் இச்சோதனையில் தேறுவது அரிது. குடும்பம் ஒரு நாட்டிலிருந்து ஒரு நாட்டுக்குப் பெயரும் என்று கருதி வகுத்த விதி, போரால் நான்கு திசைக்கும் எறியப்பட்ட குடும்பத்தை அளக்கப் பொருந்தவில்லை. 2003இல் அறிமுகமான பங்களிப்புப் பெற்றோர் விசா காத்திருப்பைக் குறைக்கும் நோக்குடையதாயினும், ஒருவருக்கு நாற்பதாயிரம் டொலருக்கு மேற்பட்ட கட்டணத்தைக் கோருகிறது. மேற்கூறிய சோதனையும் அதற்குண்டு. 2019இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசாவுக்கு அச்சோதனை இல்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டு, மொத்தம் பத்தாண்டு வரை தங்கலாம். ஆனால் அதற்கும் கட்டணம் ஆயிரக்கணக்கில் உண்டு. நிரந்தர வதிவுரிமைக்கு அது வழியாகாது.

ஆகவே, பேறுகாலத் துணை வருமானத்தோடு இணைந்த ஒன்றாயிற்று. நிரந்தர வதிவுரிமையும் நல்ல ஊதியமும் உள்ள வீட்டில் பாட்டி உண்டு. மாணவர் விசாவிலோ தற்காலிகத் தொழில் விசாவிலோ உள்ள குடும்பத்தில், பாட்டியின் வருகை ஒரு விமானச் சீட்டையும் ஒரு விசா அதிகாரியின் முடிவையும் பொறுத்தது. அதே குடும்பத்துக்குக் குழந்தைப் பராமரிப்பு மானியமும் பொதுவாக இல்லை. படகில் வந்து தற்காலிக நிலையில் வாழ்ந்த குடும்பத்தில், தாய் ஊர் செல்லவும் முடியவில்லை; அம்மாவை அழைக்கவும் முடியவில்லை. துணை மிகவும் தேவைப்பட்டோர்க்கே அது மிகவும் அரிதாயிற்று.

7. இடைவெளி

இதுவரை கூறியவற்றை ஒரு குழந்தையின் வயதை அளவுகோலாகக் கொண்டு தொகுத்து நோக்கலாம். பிறந்தது முதல் சில மாதங்கள் பாட்டி, வர முடிந்தால், உடனிருக்கிறார். நான்கு அல்லது ஐந்து வயதில் தமிழ்ப் பள்ளி பெற்றோரை ஏற்றுக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்று நான்கு ஆண்டுகளில், தமிழ்ச் சமூகம் அமைத்த நிலையான ஏற்பாடு எதுவும் பரவலாக உருவாகவில்லை. கோயில் விழாக்களும் பிறந்தநாட் கொண்டாட்டங்களும் சந்திப்புக்கு இடமளித்தன. ஆனால் வாரந்தோறும் ஒரே நேரத்தில், ஒரே முகங்களோடு கூடும் ஒழுங்கை அவை தரவில்லை. அரசின் தாய்மார் குழுவும் விளையாட்டுக் குழுவும் மிகச் சரியாக இக்கால அளவுக்கே உரியவை. அங்கேதான் மொழியும் வழக்கும் தடையாயின. தந்தை பகல் முழுதும் வேலைக்குச் செல்ல, வண்டியோட்டும் அனுமதி பெறாத தாய், பேருந்து அருகிய புறநகர் வீட்டில் குழந்தையோடு தனித்திருக்கும் நிலை இவ்வாண்டுகளுக்கே சிறப்பாக உரியது.

மெல்பேர்ணின் மேற்கே ராணீற், ற்றகனீனா போன்ற புதிய குடியிருப்புகள் வளர்ந்தபோது இந்நிலை இடத்தாலும் கூர்மையாயிற்று. பழைய குடியேறிகள் தென்கிழக்கில் நிறுவிய ஆலயமும் பழகிய வட்டமும் நகரின் மறு அந்தத்தில் இருந்தன. இளம் குடும்பங்கள் வீட்டு விலை குறைந்த மேற்கில் குடியேறின. அனுபவமுள்ளோரும் அனுபவம் வேண்டியோரும் ஒரே நகரில் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வாழ்ந்தனர். சிட்னியில் இச்செறிவு மேற்குப் புறநகர்களில் ஓரளவு தொடர்ச்சியாக அமைந்தமையால், தலைமுறைகளுக்கிடையே தொடர்பு சற்று எளிதாயிற்று.

இவ்விடைவெளியின் விளைவு பெற்றோரின் தனிமையோடு நிற்பதில்லை. குழந்தை பேசத் தொடங்குவது இவ்வாண்டுகளில்தான். தமிழ் பேசும் வேறு குழந்தைகளையும் பெரியோரையும் வாரந்தோறும் காணாத குழந்தை, நான்கு வயதில் தமிழ்ப் பள்ளிக்கு வரும்போது ஆங்கிலத்தையே விளையாட்டு மொழியாகக் கொண்டு வருகிறது. பள்ளி பின்னர் பத்தாண்டு போராடி மீட்க முயல்வதை, அதற்கு முற்பட்ட நான்காண்டில் சமூகம் தன்னை அறியாமலே இழந்துவிடுகிறது. பெற்றோர் துணையும் மொழிப் பேணலும் இரு வேறு பொருள்கள் என்று கருதியதன் விலை இதுவாகும்.

8. முடிவுரை

சிட்னி, மெல்பேர்ண் தமிழரின் வார இறுதிப் பள்ளி, கோயிலுக்கும் சங்கத்துக்கும் நிகரான சமூக நிறுவனம் என்பதும், அதன் பணிகளுள் பெற்றோர்க்குத் துணையாதல் முதன்மையான ஒன்று என்பதும் மேற்கண்டவற்றால் விளங்கும். தனிக் குடும்பத்தைத் தெரிந்தெடுத்த குடிவரவுச் சட்டம் உறவினர் துணையை அறுத்தது. முகவரியையும் வயதையும் அளவாகக் கொண்ட அரசு வட்டம் அதனை ஓரளவே ஈடுசெய்தது. தன்னுதவியை ஊக்குவித்த 1978க்குப் பிந்திய கொள்கை, தமிழ்ப் பள்ளி நிலைபெற உதவியது. ஆனால் பள்ளி என்ற வடிவமே அதன் வயதெல்லையையும் வகுத்துவிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இரு பணிகள் எழுகின்றன. முதலாவது, பள்ளி நடைபெறும் அதே நாளில், அதே கட்டடத்தில், பள்ளி வயதெய்தாக் குழந்தைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஓர் அறை ஒதுக்குவது. மூத்தோர் அமைப்புகள் இரு நகரங்களிலும் உள்ளன. பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பாட்டிமாரும் தாத்தாமாரும் அவ்வறைக்கு வர இயலும். அரசின் விளையாட்டுக் குழு ஏற்பாடும் தமிழ்ப் பள்ளியின் நம்பிக்கையும் அங்கே ஒன்றுசேரும். தமிழ் அறிந்த தாதியொருவர் மாதம் ஒருமுறை வருவாராயின், உயிருக்குரிய அறிவுரையையும் வழக்குக்குரிய பழக்கத்தையும் பிரித்தறியும் துணையும் கிட்டும்.

இரண்டாவது, ஆய்வாளர்க்குரியது. பள்ளிகளின் ஆண்டு மலர்கள் மாணவரின் ஆக்கங்களையும் செயற்குழுப் பெயர்களையும் பேணியுள்ளன. வகுப்பறைக்கு வெளியே காத்திருந்தோர் ஒருவருக்கொருவர் என்ன செய்தனர் என்பதை அவை பதிவதில்லை. 1977இல் இளம் பெற்றோராய் இருந்தோர் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். அவர்களுட் பெண்களின் நினைவுகள், சங்க வரலாறுகளில் மிகக் குறைவாகவே இடம்பெற்றவை. அவற்றை வாய்மொழி வரலாறாகத் தமிழிலேயே பதிந்து, இரு மாநில நூலகங்களிலும் தமிழ் ஆவணக் காப்பகங்களிலும் வைப்பது காலத்தால் தாழ்த்தக்க பணியன்று. குடிமதிப்பு தரும் எண்ணுக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பமும் யாரைப் பற்றிக்கொண்டு நின்றது என்பதை அப்பதிவுகளே அடுத்த ஆய்வாளர்க்குச் சொல்லும்.